இப்போது உங்கள் மனசைப் பிடித்து வைத்திருப்பது எது? (புத்தகம், தொடர், சின்னச் சந்தோஷம், எதுவானாலும்)

குண்டூசி:
‘படித்தே ஆக வேண்டிய ஐம்பது’, ‘பார்த்தே தீர வேண்டிய இருபது’ என்று யாராவது பட்டியல் போட்டால் எனக்குக் கொட்டாவிதான் வருகிறது. அதில் இருப்பவை மோசம் என்று சொல்லவில்லை, போட்டவர் எதை ரசித்தார் என்பது கடைசிவரை தெரியாது, அதுதான் பிரச்சினை. அதனால் இங்கே ஒரே ஒரு வேண்டுகோள். வேறு ஏதோ வேலையில் இருக்கும்போது கூப்பிடாமலே வந்து தலைக்குள் உட்கார்ந்துகொள்கிறதே, அந்த ஒன்றைச் சொல்லுங்கள். பேரை மட்டும் போட்டுவிட்டு ஓடாதீர்கள், எந்த இடம் பிடித்து இழுக்கிறது என்றும் சொல்லுங்கள். முடித்திருக்க வேண்டும் என்றில்லை.

என்னுடையது உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’. பள்ளிப் பாடத்தில் ஒரு துண்டைப் படித்துவிட்டு முழுசும் தெரியும் என்ற நினைப்பிலேயே நம்மில் பாதிப் பேர் இருக்கிறோம். 1940இல் ஆனந்த விகடனில் தொடராக ஆரம்பித்தது, 1942இல் அவர் காலமானபோது 122 அத்தியாயங்களோடு நின்றுபோனது. நான் சிக்கிக்கொண்டிருக்கும் இடம் 1880. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்திருக்கிறது, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் என்ற பெருமை வேறு. ஊருக்கு முன்சீபாக வந்திருக்கும் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். அந்த மனிதர் அசைந்து கொடுப்பதாக இல்லை. இதையெல்லாம் படித்து என்ன பயன் என்கிற மாதிரிதான் பேசுகிறார். அப்புறம் சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் எல்லாம் படித்ததுண்டா என்று கேட்டால், இவர் அந்தப் புத்தகங்களைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

ஏழு வருடம் கழித்து 1887இல் அதே சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தவர் இவர்தான் என்பது தெரிந்த கதை. எனக்குப் பிடித்தது வேறு. எண்பதைத் தாண்டிய மனிதர், இருபத்தைந்து வயதில் வாங்கிய அடியை ஒரு முனகலும் இல்லாமல் கேள்வியும் பதிலுமாக அப்படியே எழுதி வைத்திருக்கிறார். தன்னைப் பெரிதாகக் காட்டும் ஆசையும் இல்லை, அடக்கமாகக் காட்டும் நடிப்பும் இல்லை.

சரி, உங்களுடையது?

மழைக்கோட்டு ரசிகை:
கொலம்போ. சிரிக்காதீர்கள், ஐம்பது வருடப் பழைய அமெரிக்கத் துப்பறியும் தொடர்தான். வீட்டில் எல்லோரும் புதுசு புதுசாகப் பார்க்கும்போது நான் மட்டும் 1971இல் உட்கார்ந்திருக்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: கொலையை யார் செய்தார், எப்படிச் செய்தார் என்பதை ஆரம்பத்திலேயே காட்டிவிடுவார்கள். அதற்கப்புறம்தான் கசங்கிய மழைக்கோட்டோடு லெப்டினன்ட் கொலம்போ உள்ளே வருவார், சில கதைகளில் அவர் தலைகாட்டவே வெகுநேரம் ஆகும். கொலைகாரர்கள் எல்லாம் பணக்காரர்கள், பிரபலங்கள், படித்தவர்கள். இந்த ஆளைப் பார்த்ததும் ‘இவன் என்ன கண்டுபிடிக்கப் போகிறான்’ என்று ஒரு இளக்காரம் வரும் பாருங்கள், அந்த இளக்காரத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். இளக்காரம் எரிச்சலாகும், எரிச்சல் பயமாகும், ஆனால் முகத்தில் சிரிப்பு மட்டும் அப்படியே இருக்கும்.

வழக்கமான தொடராக ஆரம்பித்த முதல் எபிசோடை இயக்கியது ஸ்பீல்பெர்க். அப்போது அவர் யாருக்கும் தெரியாத இளைஞர், ‘ஜாஸ்’ வரவே இன்னும் நாலு வருடம் இருக்கிறது. இரண்டு பேர் சேர்ந்து மர்ம நாவல் எழுதுகிற கூட்டணி, நிஜத்தில் எழுதுவது ஒருவர்தான். அவர் தனியாகப் போகிறேன் என்கிறார், எழுதத் தெரியாத மற்றவர் அவரைத் தீர்த்துக்கட்டுகிறார். தொடக்கக் காட்சியில் ஒருவர் மேஜையில் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார், இன்னொருவர் காரில் வந்துகொண்டிருக்கிறார். பின்னணி இசை கிடையாது, கார் வரும்போதும் அந்தத் தட்டச்சுச் சத்தம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான் காட்சி, எனக்கு வயிற்றைப் பிசைந்துவிட்டது.

கடைசிபெஞ்ச்:
தாயே, கொலைகாரன் யார், ஏன் கொன்றான் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டீர்களே! இனி நான் எதற்குப் பார்ப்பது? குறைந்தபட்சம் மேலே ஒரு ‘ஸ்பாய்லர்’ எச்சரிக்கையாவது போடக் கூடாதா?

மழைக்கோட்டு ரசிகை:
தம்பி, முதல் பதினைந்து நிமிடத்தில் தொடரே சொல்லிவிடுகிற விஷயம் அது. நான் சொல்லாமல் விட்டது எப்படி மாட்டுகிறான் என்பதை. அதைத்தான் பார்க்க வேண்டும்.

எனக்கு இப்போதெல்லாம் ‘யார்’ என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வதில் சுகமே இல்லை. ஆறு பேரைச் சந்தேகப்பட வைத்து, ஏழாவதாக ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினால் ஏமாற்றப்பட்ட எரிச்சல்தான் மிஞ்சுகிறது.

நத்தை:
ரசிகை சொன்னதற்கு ஒரு கொசுறு. கொலம்போவை உருவாக்கிய லெவின்சன், லிங்க் இருவருமே அந்தப் பாத்திரத்துக்கு தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலில் வரும் பர்ஃபிரி பெத்ரோவிச் ஒரு முன்மாதிரி என்று சொல்லியிருக்கிறார்கள். அங்கேயும் அதே கதைதானே, கொன்றவன் யார் என்பது நமக்கு முன்னாடியே தெரியும், விசாரிக்கிறவர் சுற்றிச் சுற்றி ஏதேதோ பேசியே அவனை நிலைகுலைய வைப்பார்.

என்னுடையதும் ரஷ்யாதான். டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ நாவல், ஒரு நாளைக்கு ஒரே ஒரு அத்தியாயம். மொத்தம் 361 அத்தியாயம், ஆகவே கிட்டத்தட்ட ஒரு வருடம். நானாகக் கண்டுபிடித்த வழி இல்லை, உலகம் முழுக்க நிறையப் பேர் இப்படிச் செய்கிறார்கள். தடிமனைப் பார்த்துப் பயந்து பல வருடம் தள்ளிப்போட்ட புத்தகம், திறந்து பார்த்தால் அத்தியாயங்கள் எல்லாம் குட்டி குட்டியாக இருக்கின்றன. பல் தேய்ப்பது மாதிரி ஒரு பழக்கமாகிவிட்டது.

இதில் ஒரு பக்கவிளைவு இருக்கிறது, அதைத்தான் சொல்ல வந்தேன். இரண்டாம் பாகத்தில் இளவரசர் ஆந்த்ரே வண்டியில் போகும்போது வழியில் ஒரு பெரிய ஓக் மரத்தைப் பார்க்கிறார். சுற்றிலும் வசந்தம் வந்து எல்லாம் துளிர்த்திருக்கும், அந்த மரம் மட்டும் மொட்டையாக, முறைத்துக்கொண்டு நிற்கும். இதெல்லாம் ஏமாற்று வேலை, வாழ்க்கை முடிந்துவிட்டது என்று அந்த மரமே தன்னிடம் சொல்வதாக அவருக்குத் தோன்றும். அடுத்த அத்தியாயத்தில் நிலா வெளிச்சத்தில், மேல்மாடி சன்னலில் நதாஷா என்ற இளம்பெண் தூங்க மனசில்லாமல் பேசிக்கொண்டிருப்பது அவர் காதில் விழுகிறது, அவ்வளவுதான் நடக்கிறது. அதற்கடுத்த அத்தியாயத்தில் அதே வழியில் திரும்புகிறார், அந்த மரத்தைத் தேடுகிறார், அடையாளம் தெரியாத அளவுக்குத் தழைத்திருக்கிறது. ஒரே மூச்சில் படித்திருந்தால் பத்து நிமிடத்தில் இதைக் கடந்து போயிருப்பேன். நாளுக்கு ஒன்று என்பதால் அந்த மொட்டை மரம் இரண்டு நாள் என்னோடேயே இருந்தது, துளிர்த்தபோது நிஜமாகவே நேரம் கடந்திருந்தது.

(கடைசிபெஞ்ச் கோபித்துக்கொள்ள வேண்டாம், மரம் துளிர்ப்பது ஸ்பாய்லரில் சேராது.)

பாதியில் விட்டவள்:
என் பேரே சொல்கிறது, நான் எதையும் முடிப்பதில்லை. மேஜையில் எந்நேரமும் நாலைந்து புத்தகம் குப்புறக் கிடக்கும். அதனால் எனக்கு ஒத்துவருவது குறுந்தொகைதான், பெரும்பாலும் நாலு வரியிலிருந்து எட்டு வரிக்குள் முடிந்துவிடும், நான் ஓடுவதற்குள் அதுவே ஓடிவிடும்.

இந்த வாரம் முழுக்க 25ஆம் பாட்டு. கபிலர். அவன் என்னைச் சேர்ந்த அன்று அங்கே வேறு யாரும் இல்லை, அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள். சாட்சிக்கு இருந்தது ஒரே ஒரு குருகு. தினைத்தாள் மாதிரி மெலிந்த பசுங்கால் அதற்கு, ஓடுகிற தண்ணீரில் ஆரல்மீனைப் பார்த்துக்கொண்டு நின்றதாம். சாட்சி என்று ஒன்று இருந்தும் அது இவர்கள் பக்கமே திரும்பவில்லை, அதன் கவலை அதற்கு! இவ்வளவு பதற்றத்தில் இருக்கிறவளுக்கு அந்தக் கொக்கின் கால் எவ்வளவு மெலிசு என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது பாருங்கள். பாத்திரம் கழுவும்போதுகூட இதுதான் ஓடுகிறது.

குண்டூசி:
அருமை. அந்தக் குறுந்தொகைக்கும் உ.வே.சா. உரை எழுதி 1937இல் பதிப்பித்திருக்கிறார், கிடைத்தால் பாருங்கள், பொறுமையான உரை.

முடிப்பது பற்றி: சிந்தாமணி சமண நூல் என்பதால் அதில் புரியாத இடங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சமணர் வீடுகளுக்குப் போகிறார். ஒருநாள் போனால் வாசலில் கோலம், தோரணம், விசேஷ வீட்டுக் களை. என்ன பண்டிகை என்று விசாரிக்கிறார். சிந்தாமணியை இத்தனை நாளாகப் படித்துவந்தோம், இன்று நிறைவு செய்தோம், அதற்குத்தான் இந்தக் கொண்டாட்டம் என்கிறார்கள். வெளியே பெரிய பெரிய புலவர்களே கண்ணால் பார்க்காத புத்தகம், இந்த வீடுகளில் தோரணம் கட்டிப் படித்து முடிக்கப்படுகிறது! இந்தப் பக்கத்தில் அடையாளம் வைத்துவிட்டு ரொம்ப நேரம் மேலே போகவில்லை.

பாதியில் விட்டவள்:
கோலம் போடுவார்கள் என்றால் நானும் ஒன்றிரண்டை முடித்திருப்பேன்.

சன்னல் ஓரம்:
புத்தகமும் இல்லை, தொடரும் இல்லை, பரவாயில்லையா? என் மேஜையை ஒட்டிய சன்னலில் ஒரு குதிக்கும் சிலந்தி குடியிருக்கிறது. சுண்டுவிரல் நகம் அளவுகூட இராது. இவை வலை பின்னி இரைக்குக் காத்திருக்கிற ரகம் இல்லை, பார்த்து, பதுங்கி, தாவிப் பிடிக்கிற ரகம். தாவும் முன்னால் ஒரு இழையை ஒட்டிக்கொண்டுதான் தாவும், தவறினால் அதைப் பிடித்து ஏறிவிடலாம் அல்லவா.

எனக்கு ஆச்சரியம் அதன் பார்வை. எட்டுக் கண், அதில் முன்பக்கம் இரண்டு பெரிசு. நான் விரலை நகர்த்தினால் உடம்பையே திருப்பி நேருக்கு நேர் பார்க்கிறது. பல்லி பார்க்கும், ஈ பார்க்கும், ஆனால் ‘இவள் என்ன செய்கிறாள்’ என்கிற தோரணையில் திரும்பிப் பார்க்கிற பூச்சியை நான் கண்டதில்லை (சிலந்தி பூச்சி இல்லை, தெரியும், சண்டைக்கு வராதீர்கள்).

அப்புறம் தேடிப் படித்ததில் ஒன்று தெரிந்தது. 2022இல் டேனியலா ரோஸ்லர் என்ற ஆய்வாளரும் குழுவினரும் குட்டிக் குதிக்கும் சிலந்திகளை ராத்திரியில் படம் பிடித்திருக்கிறார்கள். குட்டிகளுக்கு உடம்பு கண்ணாடி மாதிரி இருப்பதால் கண்ணுக்குள் விழித்திரைக் குழாய் அசைவது வெளியிலிருந்தே தெரிகிறது. இழையில் தலைகீழாகத் தொங்கித் தூங்கும்போது அவ்வப்போது அந்தக் குழாய்கள் துடிக்கின்றன, கால்கள் சுருண்டு இழுத்துக்கொள்கின்றன. நாம் கனவு காணும் தூக்கத்தில் கண் அசைகிறதே, அதற்கு இணையான நிலையாக இருக்கலாம் என்கிறார்கள். கனவில் அதற்கு என்ன வரும்? ஈயாக இருக்கும். இல்லை, என் விரலா?

கடைசிபெஞ்ச்:
சரி, நானும் ஒன்று சொல்கிறேன். ‘பிளானட் எர்த் 2’, 2016இல் வந்த பி.பி.சி.யின் இயற்கை ஆவணத் தொடர். காலாபகஸ் தீவுக்கூட்டத்தில் ஃபெர்னான்டினா என்ற தீவு. கடல் உடும்புக் குஞ்சு ஒன்று மணலுக்குள்ளிருந்து தலையை நீட்டுகிறது, பாறை இடுக்கெல்லாம் பாம்பு. ஓட ஆரம்பித்ததும் நாலாபக்கத்திலிருந்தும் துரத்துகின்றன. ஒரு இடத்தில் குஞ்சை மொத்தமாகச் சுற்றிப் பிடித்தே விடுகின்றன, தப்பிக்க வழியே இல்லை என்று நினைக்கும்போது உருவிக்கொண்டு ஓடுகிறது. இதுவரை எத்தனை முறை பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

ஆனால் இப்போது மனசைக் குடைவது வேறு விஷயம். அது ஒரே குஞ்சு இல்லை, வெவ்வேறு குஞ்சுகளை எடுத்த காட்சிகளைச் சேர்த்துக் கோத்தது என்று தயாரித்தவர்களே பின்னால் சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் நான் கை தட்டியது யாருக்கு?

மிக்சர் ஆள்:
ஒலிக்கலப்பு வேலை பார்க்கிறவன் என்ற முறையில் இன்னும் கொஞ்சம் வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டுப் போகிறேன். காட்டுவிலங்குப் படங்களில் நீங்கள் கேட்கிற காலடிச் சத்தம், சிறகடிப்பு, மெல்லுகிற சத்தம் எல்லாம் பெரும்பாலும் ஸ்டுடியோவில் பிறந்தவை. கேமரா எங்கோ தூரத்திலிருந்து நீண்ட லென்சில் எடுக்கிறது, அந்தத் தூரத்திலிருந்து காலடியை எந்த மைக்கும் பிடிக்காது. பனியில் நடக்கிற சத்தத்துக்குச் சோளமாவைப் பையில் கட்டிப் பிசைவது எங்கள் தொழிலில் அரதப்பழைய வித்தை.

என்னைக் கேட்டால் இதில் ஏமாற்று எதுவும் இல்லை. எல்லாக் குஞ்சும் அப்படித்தான் ஓடின, எல்லாப் பாம்பும் அப்படித்தான் துரத்தின.

கடைசிபெஞ்ச்:
அது எனக்கும் புரிகிறது. ஆனால் இந்த ஒரு குஞ்சு தப்பித்துவிட்டது என்றுதானே நிம்மதியாகத் தூங்கப் போனேன். வெட்டி ஒட்டியதில் முதல் பாதியில் ஓடியது தப்பிக்காமல் போயிருந்தால்? கதை என்றால் எதை வேண்டுமானாலும் செய்யட்டும். நிஜம் என்று சொல்லிக் காட்டும்போது ஓரமாக ஒரு வரி போட்டால் குறைந்தா போய்விடும்?

மிக்சர் ஆள்:
ஒரு வரி போடலாம், அதில் உங்கள் பக்கம்தான் நான்.

தூக்கமில்லை:
வெட்டி ஒட்டாத நிஜம்தான் வேண்டும் என்றால் கடைசிபெஞ்சுக்கு நான் ஒன்று தருகிறேன். நார்வே அரசுத் தொலைக்காட்சி என்.ஆர்.கே. 2009இல் பெர்கனிலிருந்து ஆஸ்லோ வரைக்கும் போகிற ரயில் பயணத்தை முழுசாக, ஏழு மணி நேரத்துக்கு மேல், அப்படியே ஒளிபரப்பியது. அந்தப் பாதைக்கு நூறு வயசு ஆனதற்காக. தண்டவாளம், பனி, சுரங்கம், மறுபடி தண்டவாளம். சுரங்கத்துக்குள் போகும்போது பழைய ஆவணப் படங்களைக் காட்டுவார்கள், அதுதான் உச்சகட்ட பரபரப்பு. சுமார் பன்னிரண்டு லட்சம் பேர் ஏதாவது ஒரு பகுதியையாவது பார்த்தார்கள், அந்த நாட்டு ஜனத்தொகையே அப்போது ஐம்பது லட்சத்துக்குள்தான். 2011இல் கடலோரக் கப்பல் ஒன்றை 134 மணி நேரம் நேரலையில் காட்டினார்கள், கரையெல்லாம் ஜனம் நின்று கையசைத்தது.

எனக்குப் பிடித்தது 2013 விறகு நிகழ்ச்சி. பன்னிரண்டு மணி நேரம், அதில் நாலு மணி நேரம் விறகைப் பற்றிய பேச்சு, எட்டு மணி நேரம் அடுப்பில் விறகு எரிவது மட்டும். இதற்கும் புகார் வந்ததாம்! அடுக்கிய விறகில் பட்டை மேல்பக்கம் இருக்கிறது என்று பாதிப் பேர், கீழ்பக்கம் இருக்கிறது என்று பாதிப் பேர். இதைப் படித்ததிலிருந்து எனக்கு அந்த நாட்டு மனிதர்கள் மேல் ஒரு தனிப் பாசம். ரயிலை ராத்திரியில் சத்தம் குறைத்து ஓடவிடுகிறேன். ஆஸ்லோ இன்னும் பார்க்கவில்லை, முன்னாடியே தூங்கிவிடுகிறேன்.

கடைசிபெஞ்ச்:
பட்டை மேலேதான் இருக்க வேண்டும்.

மழைக்கோட்டு ரசிகை:
கீழே.

வியாழக் கிறுக்கன்:
இந்த விறகுச் சண்டைக்குள் என் வானத்தை நுழைத்துக்கொள்கிறேன். சாதாரண பைனாகுலர், பறவை பார்க்க வைத்திருப்பது. சுவரில் முழங்கையை ஊன்றி ஆடாமல் பிடித்தால் வியாழன் கிரகத்துக்குப் பக்கத்தில் ஒரே கோட்டில் குட்டிப் புள்ளிகள் தெரியும். 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்த அதே நிலாக்கள், நாலு. ஒரு நாள் வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் ஒன்று. மறுநாள் இரண்டு இரண்டு. சில நாள் ஒன்றைக் காணோம், பின்னால் ஒளிந்திருக்கும், அல்லது முன்னால் கடந்துகொண்டிருக்கும். ஒரு நோட்டில் கோடு போட்டுப் புள்ளி வைத்துக்கொண்டே வருகிறேன், இதுதான் என் வாரத் தொடர்.

உள்ளே ஓடுகிற அயோ 42 மணி நேரத்துக்குச் சற்று மேலே ஒரு சுற்று முடித்துவிடும். வெளியே இருக்கிற கலிஸ்டோவுக்குப் பதினாறு நாளைக்கு மேல். இந்த அயோவை வைத்துத்தான் 1676இல் ஓலே ரோமர் ஒரு வேலை செய்தார். பூமி வியாழனை விட்டுத் தள்ளிப் போகிற மாதங்களில் அயோவின் கிரகணங்கள் கணக்குப் போட்ட நேரத்தைவிடத் தாமதமாகத் தெரிகின்றன. நிலா தாமதிக்கவில்லை, வெளிச்சம் வந்து சேரத்தான் கூடுதல் நேரம் ஆகிறது என்றார். வெளிச்சத்துக்கும் வேகம் உண்டு, அதுவும் நடந்துதான் வருகிறது என்பதற்கு முதல் நல்ல சான்று அதுதான். ஒரு புள்ளி சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்பதிலிருந்து இதைப் பிடித்திருக்கிறார்!

சன்னல் ஓரம்:
எது அயோ, எது கலிஸ்டோ என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாம் புள்ளிதானே.

வியாழக் கிறுக்கன்:
பார்த்தால் தெரியாது. ஸ்டெல்லேரியம் என்று இலவச மென்பொருள் இருக்கிறது, அன்றைய தேதியும் நேரமும் போட்டால் பேரோடு காட்டும். நான் முதலில் வரைந்துவிட்டு அப்புறம்தான் அதைத் திறப்பேன், இல்லாவிட்டால் விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போட்ட கதை. அமாவாசை, பௌர்ணமி பார்க்க வேண்டாம், நகர வெளிச்சத்திலேயே வியாழன் பளிச்சென்று தெரியும்.

பாதியில் விட்டவள்:
நத்தை அவர்களே, ஒரு சந்தேகம். நாளுக்கு ஒரு அத்தியாயம் என்றால் எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. முன்பு ஒரு தடவை இதே நாவலை டி.எஸ். சொக்கலிங்கம் ‘போரும் வாழ்வும்’ என்று மொழிபெயர்த்ததை எடுத்து, பேர்க் குழப்பத்திலேயே மூடிவைத்துவிட்டேன். ஒரே ஆளுக்கு மூன்று பேர், நாலு பேர். நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

நத்தை:
சமாளிக்கவே இல்லை, விட்டுவிட்டேன். முதல் அத்தியாயம் 1805 ஜூலையில் அன்னா பாவ்லவ்னா வீட்டு விருந்து, வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் பேர் உண்டு, அத்தனையையும் மனப்பாடம் செய்யப் பார்த்தால் அங்கேயே ஆள் காலி. அடுத்த அத்தியாயத்தில் கண்ணாடி போட்ட, குண்டான, எங்கே எப்படி நடந்துகொள்வது என்றே தெரியாத இளைஞன் ஒருவன் வருவான், பியர். அதற்கடுத்து அலுத்துப்போன முகத்தோடு ஆந்த்ரே வருவார். இந்த இரண்டு பேரை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் முக்கியமானவர்கள் என்றால் திரும்பத் திரும்ப வந்து அவர்களே அறிமுகம் செய்துகொள்வார்கள். பின்பக்கத் தாளில் யார் யாருக்கு என்ன உறவு என்று பென்சிலால் கிறுக்கி வைத்துக்கொண்டால் இன்னும் சௌகரியம். நாளைக்கே ஆரம்பியுங்கள், நான் ஒரு முறை பின்னால் போய் உங்களோடு முதல் பாகத்தைப் படிக்கவும் தயார்.